வேஷம் கட்டிய செர்ரி

1950களில் அமெரிக்க வீடுகளுக்காக அச்சான கிறிஸ்துமஸ் சமையல் புத்தகம் ஒன்றைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு கண்ணில் படும். வெண்ணெய் பிஸ்கட்டின் நடுவில் பாதியாக நறுக்கிப் பதித்திருப்பார்கள். பழக்கேக்கை வெட்டினால் பருப்புக்கும் உலர்திராட்சைக்கும் நடுவே அது பளிச்சென்று நிற்கும். சுட்ட பன்றித் தொடையின்மேல் அன்னாசி வளையங்களை அடுக்கி, ஒவ்வொரு வளையத்தின் ஓட்டையிலும் ஒன்றைக் குத்தி வைத்திருப்பார்கள். பச்சை வேண்டுமென்றால் அதே பழம் பச்சை நிறத்திலும் வரும். எந்த மரத்திலும் இப்படியொரு செர்ரி பழுத்ததில்லை. அதன் பெயர் மராஸ்கினோ செர்ரி. தன்னிடம் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொலைத்துவிட்டு, பெயரை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டு அது கிறிஸ்துமஸ் மேசைக்கு வந்து சேர்ந்தது.

புறப்பட்ட ஊர் ஆட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரை. இன்று குரோஷியாவில் உள்ள ஸாதர் நகரம் அப்போது வெனிஸ் ஆட்சியின்கீழ் ஸாரா என்று அழைக்கப்பட்டது. அந்தக் கரையோரத்தில் விளைவது மராஸ்கா என்ற செர்ரி. சின்னப் பழம், கறுப்பை எட்டும் சிவப்பு, புளிப்போடு ஒரு கசப்பு. அப்படியே தின்றால் முகம் சுளிக்கும். அதைக் கொட்டையோடு சேர்த்து நசுக்கி, நொதிக்கவிட்டு, வாலையில் வடித்து, சர்க்கரை சேர்த்தால் கிடைப்பது மராஸ்கினோ மது. அது சிவப்பே அல்ல, தண்ணீர்போலத் தெளிவானது. செர்ரிக் கொட்டைக்குள் கசப்பு பாதாமின் வாசனை உண்டு. அந்த வாசனைதான் மதுவின் உயிர். 1759இல் பிரான்செஸ்கோ டிரியோலி அங்கே இதை ஆலைத் தொழிலாக்கினார். 1821இல் ஜிரோலாமோ லுக்ஸார்டோ தன் ஆலையைத் தொடங்கினார். ஐரோப்பிய அரண்மனைகள் இதைக் கேட்டு வாங்கின. அந்த மதுவிலேயே ஊறிய மராஸ்கா பழங்கள்தாம் முதல் மராஸ்கினோ செர்ரிகள். விலை அதிகம், வரத்துக் குறைவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அவை அமெரிக்காவின் பெரிய ஹோட்டல்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் வந்தன. மன்ஹாட்டன் காக்டெயிலின் அடியில் ஒன்று கிடக்க வேண்டும் என்பது அன்றைய நாகரிகம். சரக்கு போதாமல் தேவை பெருகினால் போலி பிறக்கும். அமெரிக்காவில் விளையும் ராயல் ஆன் போன்ற வெளிர்மஞ்சள் செர்ரிகளுக்குச் சாயமேற்றி, பாகில் ஊறவைத்து அதே பெயரில் விற்றார்கள். அரசு விழித்துக்கொண்டது. மராஸ்கினோ மதுவில் ஊறிய மராஸ்கா பழத்துக்கு மட்டுமே அந்தப் பெயர், மற்றவை ‘போலி’ என்று சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என 1912இல் தீர்ப்பானது. எட்டே ஆண்டில் மதுவிலக்கு வந்து, மது சேர்ந்த அசலின் கதவையும் சாத்திவிட்டது.

இந்த இடத்தில் பலரும் ஒரு கதையை எளிதாக முடித்துவிடுகிறார்கள்: மதுவிலக்கு வந்ததால் மது இல்லாத செர்ரியைக் கண்டுபிடித்தார்கள் என்று. எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. மீதிக் கதை ஆரிகன் மாநிலத்து விவசாயிகளுடையது. அங்கே ராயல் ஆன் செர்ரி கொட்டிக் கிடந்தது. பறித்துச் சில நாளில் குழைந்துபோகும் பழம். உப்புநீரில் போட்டால் கூழாகிவிடும். இத்தாலியிலிருந்து பதப்படுத்திய செர்ரிகள் கப்பலில் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன. கார்வாலிஸ் நகரத்து வேளாண் கல்லூரியில் (இன்றைய ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகம்) தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்த எர்னஸ்ட் வீகண்ட், 1925 முதல் 1931 வரை இந்தக் குழைவுக்கு மருந்து தேடினார். கிடைத்தது கால்சியம் உப்பு. ஆக்ரா பேட்டா செய்கிறவர்கள் வெண்பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைக்கும் அதே வித்தைதான். பழத்தின் செல்சுவரிலுள்ள பெக்டினைக் கால்சியம் பிணைத்து இறுக்குகிறது, கடித்தால் நறுக்கென்று இருக்கிறது. வீகண்டின் பெயரில் அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்றும் ஒரு கட்டடம் உண்டு.

அவர் வகுத்த முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் செர்ரி தன்னை இழந்தது இந்தத் தொட்டிகளில்தான். பறித்த பழத்தைக் கந்தக டை ஆக்சைடும் கால்சியமும் கலந்த நீரில் வாரக்கணக்கில் போட்டு வைப்பார்கள். கந்தகம் கெட்டுப்போகாமல் காக்கும், கூடவே நிறத்தை அடியோடு உறிஞ்சிவிடும். வெளியே எடுக்கும்போது பழம் பழைய காகிதத்தின் வெளிர்மஞ்சளில் இருக்கும். சுவை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. பிறகு கொட்டையை எடுப்பார்கள். ஓடும் தண்ணீரில் கந்தக வாடை போகக் கழுவுவார்கள். சாயமேற்றுவார்கள். அதன்பின் சர்க்கரைப்பாகு. முதலிலேயே கெட்டிப் பாகில் போட்டால் பழத்திலுள்ள நீர் சட்டென்று வெளியேறிச் சுருங்கிவிடும். ஆகவே இளம்பாகில் தொடங்கிப் படிப்படியாகக் கெட்டியாக்குவார்கள். கடைசியாக வாசனைக்குப் பென்சால்டிஹைடு. ஸாராவில் கொட்டையை நசுக்கி எடுத்த அந்தப் பாதாம் மணத்தின் மூலப்பொருள் இதுவேதான். கொட்டையைத் தூக்கியெறிந்துவிட்டு, கொட்டையின் வாசனையைப் புட்டியிலிருந்து ஊற்றுகிறார்கள். இந்தத் தொழிலில் என்னை அதிகம் சிரிக்க வைத்த இடம் இது. பச்சைச் செர்ரிக்குப் பாதாமுக்குப் பதில் பெரும்பாலும் புதினா வாசனை.

1940இல் அமெரிக்க அரசு தன் பழைய தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. சிவப்புச் சாயமேற்றி, சர்க்கரையில் ஊறவைத்து, கசப்பு பாதாம் எண்ணெயோ அதுபோன்ற வாசனையோ சேர்த்த பாகில் அடைத்த செர்ரிதான் மராஸ்கினோ செர்ரி. மக்கள் அந்தப் பெயரால் புரிந்துகொள்வது அதைத்தான் என்றது. ‘போலி’ என்ற சொல் சீட்டிலிருந்து மறைந்தது.

அசலுக்கு அப்போது கெட்ட காலம். முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலியின் கைக்குப் போயிருந்த ஸாரா நகரம் 1943, 44ஆம் ஆண்டுகளில் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் தரைமட்டமானது. லுக்ஸார்டோ ஆலையும் தப்பவில்லை. குடும்பத்திலேயே சிலர் கொல்லப்பட்டனர். உயிர்தப்பிய ஜியோர்ஜியோ லுக்ஸார்டோ 1947இல் வட இத்தாலியில் பாதுவாவுக்கு அருகேயுள்ள தொரெலியா என்ற ஊரில் தொழிலை மறுபடி தொடங்கினார். அதே 1947, ஜூன் மாதம் அமெரிக்க வீடுகளுக்கான சர்க்கரைப் பங்கீடு முடிவுக்கு வந்தது. 1942 முதல் கூப்பன் எண்ணி எண்ணிச் சர்க்கரை வாங்கிய குடும்பங்கள் இனி வேண்டிய மட்டும் வாங்கலாம்.

இனித்தான் நம் செர்ரியின் ராஜ்யம் தொடங்குகிறது. போர் முடிந்தபின் வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி சாதாரணமாகிவிட்டது. பத்திரிகைகள் வண்ணத்தில் வந்தன. மாவு கம்பெனிகளும் கொழுப்பு கம்பெனிகளும் சமையல் குறிப்பையே விளம்பரமாக்கின. பில்ஸ்பரி மாவு கம்பெனி 1949இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நாடு தழுவிய பேக்கிங் போட்டியை நடத்தியது. முதல் பரிசு 50,000 டாலர், சிறப்பு விருந்தினர்களில் எலினார் ரூஸ்வெல்ட்டும் ஒருவர். மறுவருடப் போட்டியில் ‘செர்ரி விங்க்ஸ்’ என்ற பிஸ்கட் பேரெடுத்தது. பேரீச்சையும் பெக்கான் பருப்பும் செர்ரித் துண்டும் சேர்த்த மாவை உருண்டை பிடித்து, நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸில் புரட்டி, தலையில் கால்துண்டு செர்ரி பதித்துச் சுடுவது. அதே 1950இல் ‘பெட்டி கிராக்கர்’ பெயரில் வண்ணப் படங்களுடன் பெரிய சமையல் புத்தகம் வந்து வீடுதோறும் நுழைந்தது. 1963இல் அதே பெயரில் குக்கிகளுக்கென்றே ஒரு புத்தகம். பெட்டி கிராக்கர் என்ற அம்மாள் உண்மையில் கிடையாது. 1921இல் ஒரு மாவு கம்பெனி வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் போடுவதற்காகப் படைத்த பெயர் அது. இல்லாத பெண்மணி எழுதிய புத்தகத்தில் மரத்தில் இல்லாத செர்ரி, பொருத்தம்தான்.

அக்காலத்துக் குக்கிகளில் ‘சாண்டாவின் மீசை’ என்ற ஒன்று எனக்குத் தனியாகப் பிடிக்கும். வெண்ணெய், சர்க்கரை, கொஞ்சம் பால், வெனிலா, மைதா. அதில் பொடியாக நறுக்கிய சிவப்பு, பச்சைச் செர்ரியும் பெக்கான் பருப்பும். பிசைந்த மாவை நீளக் கட்டையாக உருட்டி, உலர்ந்த தேங்காய்ப்பூவில் புரட்டி, காகிதத்தில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். இறுகிய பிறகு வில்லை வில்லையாக அறுத்துச் சுட்டால், ஓரத்தில் வெள்ளைத் தேங்காய்ப்பூ, நடுவில் சிவப்பும் பச்சையும் சிதறிய வட்டங்கள். வேலை மிச்சம்: டிசம்பர் தொடக்கத்தில் உருட்டி வைத்தால் விருந்தாளி வரும் நாளில் அறுத்துச் சுட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. செர்ரியைப் பாகு வடித்து, காகிதத் துண்டில் அழுத்தி ஒற்றியெடுக்காவிட்டால் முழு மாவும் இளஞ்சிவப்பாகிக் குட்டிச்சுவராகிவிடும். கேக்கில் சேர்ப்பவர்களுக்கு வேறு தொல்லை: பாரமான செர்ரி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கழுவித் துடைத்து மைதாவில் புரட்டிச் சேர்ப்பது பழைய கைவைத்தியம்.

பழக்கேக்குக்குப் போவது பாகுப்புட்டிச் செர்ரி அல்ல, அதன் உலர்ந்த உறவினர். பாகைக் கெட்டியாக ஏற்றி, ஈரம் குறைத்து, மேலே கண்ணாடிபோல மினுக்கிய மிட்டாய்ச் செர்ரி. டெக்சாஸின் கார்சிகானாவில் 1896இல் ஒரு ஜெர்மானியர் தொடங்கிய பேக்கரியும், ஜார்ஜியாவின் கிளாக்ஸ்டனில் 1910இல் ஒரு இத்தாலியர் தொடங்கிய பேக்கரியும் இதை டன் கணக்கில் வாங்கிக் கேக்கில் போட்டன. முன்னது தபாலில் நாடெங்கும் அனுப்பியது. பின்னது 1950களில் சேவைச் சங்கங்கள் நிதி திரட்டுவதற்காக விற்கும் கேக்காகி ஊர் ஊராகப் போனது.

ஏன் இவ்வளவு செர்ரி என்று கேட்டால், வடக்கு மாநிலங்களின் டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். வெளியே பனி, தோட்டத்தில் ஒரு பழம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கோ ஹாலி இலையின் பச்சையும் அதன் கனியின் சிவப்பும் வேண்டும். அலமாரியில் இருக்கும் ஒரு புட்டி இரண்டையும் தரும். கெடாது, அடுப்புச் சூட்டில் நிறம் மங்காது, விலையும் கட்டுப்படி. சுவை? வாயில் கரையும் இனிப்பு, லேசான பாதாம் வாசனை, அவ்வளவுதான். அந்தக் காலத்து அமெரிக்க விருந்துச் சமையல் நாக்குக்கு முன்னால் புகைப்படத்துக்காக வளர்ந்தது என்பது என் எண்ணம். வண்ணப்படத்தில் சிவப்புப் பொட்டுக்கு ஈடு எதுவும் இல்லை. இன்று தட்டைப் படம்பிடித்துவிட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு அவர்களைக் குறைசொல்ல வாயில்லை.

படம் அழகாக இருக்கச் சாயம் வேண்டும். சாயத்துக்கென்று ஒரு நீண்ட வழக்கு உண்டு. நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கேடு தெரியவந்ததால் ‘சிவப்பு 4’ என்ற சாயத்தை 1960களின் நடுவில் அமெரிக்க அரசு மற்ற உணவுகளிலிருந்து விலக்கியது. ஆனால் மராஸ்கினோ செர்ரிக்கு மட்டும் விட்டுவைத்தது. செர்ரி அலங்காரம்தானே, யார் கிலோக்கணக்கில் தின்னப்போகிறார்கள் என்ற கணக்கு. 1976இல் அந்தச் சலுகையும் போயிற்று. ‘சிவப்பு 3’ எனப்படும் எரித்ரோசின் செர்ரிக்காரர்களின் செல்லப்பிள்ளையாக நீடித்தது. காரணம் உண்டு. புளிப்பில் அது கரையாமல் பழத்துக்குள்ளேயே படிந்துவிடும், அக்கம்பக்கத்தில் கசியாது. டின்னில் அடைத்த பழக்கலவையில் பீச்சும் பேரிக்காயும் திராட்சையும் வெள்ளையாக, மஞ்சளாக இருக்க, செர்ரி மட்டும் சிவப்பாகத் தனித்து நிற்பது இதனால்தான். அந்த டின்னில் செர்ரி 2 முதல் 6 சதவீதம் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமே அளந்து வைத்திருக்கிறது. பிள்ளைகள் கிண்ணத்துக்குள் அந்த ஒரு துண்டுக்காகச் சண்டை போட்டதில் வியப்பில்லை. எலிகளில் புற்று உண்டாக்குவதால் 1990இல் எரித்ரோசினை உதட்டுச்சாயம் முதலான ஒப்பனைப் பொருள்களிலிருந்து தடைசெய்தார்கள். உணவில் அது தொடர்ந்தது. உதட்டில் பூசக்கூடாது, உள்ளே விழுங்கலாம் என்ற இந்த விசித்திரம் 35 ஆண்டு நீடித்து, 2025 ஜனவரியில்தான் உணவுக்கும் தடை அறிவிப்பு வந்தது. கம்பெனிகளுக்கு 2027 ஜனவரி வரை தவணை. ஐரோப்பாவில் இன்றும் அந்தச் சாயத்துக்கு அனுமதியுள்ள ஒரே உணவு செர்ரிதான்.

செர்ரியின் மவுசு இந்தத் தடைக்கு முன்பே சரிந்துவிட்டது. உலகத்தில் இருப்பதே ஒரே ஒரு பழக்கேக்தான், அதைத்தான் ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் ஜானி கார்சன் அடித்த கிண்டல் கேக்குக்குத் தீராத அவப்பெயராயிற்று. கொலராடோவின் மானிட்டு ஸ்பிரிங்ஸில் 1996 முதல், மிஞ்சிய பழக்கேக்கைத் தூர எறிவதற்கென்றே ஜனவரியில் ஒரு போட்டி நடந்துவந்திருக்கிறது. 2010இல் நியூயார்க்கின் ரெட் ஹுக் பகுதியில் தேனீ வளர்த்தவர்கள் கூட்டைத் திறந்தால் தேன் செக்கச்செவேலென்று இருந்தது. பூவை விட்டுவிட்டுத் தேனீக்கள் பக்கத்துச் செர்ரி ஆலையின் பாகைக் குடித்திருந்தன. இன்னொரு பக்கம், பழைய காக்டெயில்கள் மீண்டும் மோஸ்தருக்கு வந்ததும் அமெரிக்க மதுக்கூடங்கள் தொரெலியாவின் கறுத்த மராஸ்கா செர்ரியைத் தேடிப் போயின. ஒரு புட்டி சாதாரணச் செர்ரியைப்போலப் பல மடங்கு விலை. அசல் திரும்பி வந்தது, ஆனால் கிறிஸ்துமஸ் குக்கியின் மேல் ஏறவில்லை. கறுப்பாக இருந்தால் குக்கிக்கு எடுபடாதே.

செர்ரியின் பயணம் அமெரிக்காவோடு நின்றிருந்தால் அதனிடம் பழமாவது மிஞ்சியிருக்கும். இந்தியாவுக்கு வந்தபோது அதுவும் போயிற்று. 1883இல் தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்பவர் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காகச் சுட்டதுதான் இந்தியர் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்வார்கள். அந்த வழியில் பெருகிய நம் பேக்கரிகளுக்கு டிசம்பரில் சிவப்பு வேண்டியிருந்தது. செர்ரியோ இங்கே காஷ்மீரிலும் இமாசலத்திலும் கொஞ்சமாக விளையும் விலைகூடிய பழம். அந்த இடத்துக்கு ஆள் கிடைத்தது, வேலியோரத்தில். நம்மூர் பேக்கரியின் ப்ளம் கேக்கிலும் கிரீம் பன்னிலும், இனிப்பு பீடாவின் தலையிலும் ‘செர்ரி’ என்று உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் களாக்காய். முள்ளும் பாலும் நிறைந்த புதர், வறண்ட நிலத்தில் தண்ணீர் கேட்காமல் வளரும். காய் புளிக்கும், ஊறுகாய் போடுவார்கள், பழுத்தால் கறுஞ்சிவப்பு. அளவு செர்ரியளவு. காயை உப்புநீரில் போட்டு, விதையெடுத்து, சாயமேற்றி, பாகில் ஏற்றினால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. வீகண்டின் தொட்டிகளில் நடந்ததுதான் இங்கும் நடக்கிறது. தொட்டிக்குள் போகும் பழம் வேறு, அவ்வளவே. கூடவே கிடக்கும் டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய் என்பது இன்று பலருக்கும் தெரியும். களாக்காய்க்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை.

அது மரியாதையே காணாத காய் அல்ல. களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல் என்ற சேர மன்னன் பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துக்குத் தலைவன். களங்காயால் தொடுத்த கண்ணியைச் சூடியவன் என்பதுதான் அவன் பெயரிலேயே இருக்கும் அடையாளம்.

இதில் ஏமாற்று என்று கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. கந்தகத்தில் வெளுத்த செர்ரியிலும் செர்ரியின் சுவை கிடையாது, களாக்காயிலும் கிடையாது. கடிக்கும்போது களாக்காய்க்கு ஒரு படி உறுதி அதிகம் என்றுகூடச் சொல்வேன். குறை பெயரில் இருக்கிறது. வேலிக்காட்டில் விளைந்து, ஏழை வீட்டுப் பெண்கள் பறித்து விற்கக்கூடிய ஒரு காய், இன்னொரு பழத்தின் பெயரில் விற்கும்வரை அதற்கென்று விலையும் வராது, நடுவாரும் வரமாட்டார். இந்த டிசம்பரில் கேக்குக்குப் பழம் வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். சிலவற்றில் ‘கரோண்டா’ என்று பொடி எழுத்தில் இருக்கும், அது களாக்காய்தான். எரித்ரோசின் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேக்கரி நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே: பெட்டியின் மேல் களாக்காய் என்றே அச்சடியுங்கள்.